சூம்பின கையும் நமது கடமையும்



நமது ஆண்டவர் ஓர் ஓய்வுநாளிலே செபக்கூடத்தில் பிரவேசித்தபோது, கை சூம்பிப்போன மனிதன் ஒருவன் அங்கே இருந்தான் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அது அவனுடைய வலது கை என்று அர்ச். லூக்காஸ் தெளிவாய்க் குறிக்கிறார். அந்த மனிதனுடைய தொழில் இன்னதென்று சுவிசேஷகர் சொல்லவில்லை. ஆனால் அர்ச். மத்தேயுவின் சுவிசேஷத்துக்கு விளக்கவுரை எழுதின அர்ச். எரோணிமுஸ், நசரேயர் என்பவர்கள் கையாண்டுவந்த பழைய நூல் ஒன்றில் அவன் கொத்தனாராகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். கையால் உழைத்துப் பிழைத்தவன்; பிச்சையெடுக்கும் வெட்கம் தனக்கு வராதபடி கையைச் சுகப்படுத்த வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடினானாம். அந்த நூல் திருச்சபை ஏற்றுக்கொண்ட வேதாகமத்தைச் சேர்ந்ததல்ல. ஆகையால் இதை விசுவாச சத்தியமாக அல்ல, பழைய செய்தியாகவே சொல்லுகிறேன். ஆனாலும் தருமபுரியில் இருக்கிற நமக்கு இந்தச் செய்தி எவ்வளவு நெருக்கமானது! நம்முடைய வீடுகளிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! வலது கை விழுந்துவிட்டால் கரண்டியும் மட்டக்கோலும் விழுந்துவிடும். அவற்றோடு அந்தக் குடும்பத்தின் அடுப்பும் அணைந்துவிடும்.

இந்த வாரம் பக்கவாதத்தினால் பலம் குன்றின கையைப் பற்றியும், அதற்கு நாம் செய்ய வேண்டியதைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இது வைத்தியர் பேச வேண்டிய காரியமல்லவா, சுவாமியார் ஏன் பேசுகிறார் என்று கேட்பீர்கள். நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க வீடு வீடாய்ப் போகிற எவரும் காண்கிற காட்சி ஒன்று உண்டு. திண்ணையிலோ உள்ளறைக் கட்டிலிலோ ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கை மடியில் கிடக்கும், விரல்கள் மடங்கியிருக்கும். வீட்டார் அவருக்குச் சோறு ஊட்டுவார்கள், சட்டை மாட்டுவார்கள், முகம் துடைப்பார்கள். குறை சொல்ல இடமில்லாத அன்புதான் அது. ஆனால் அந்தக் கையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்கப்படாத கை நாளுக்கு நாள் இறுகிப்போகிறது. இது சரீரத்துக்கு மட்டும் நேரிடும் சேதமல்ல, பிறர்சிநேகத்தைப் பற்றிய காரியமுமாகும். ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, கைக்கு நேர்ந்தது என்ன என்று அறிந்துகொள்ளுங்கள். பக்கவாதம் கையில் வருகிற வியாதியல்ல, மூளையில் வருவது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த பாகம் சேதமடைகிறது. மூளையின் இடது பாகம் உடம்பின் வலது பக்கத்தை ஆளுகிறது. வலது பாகம் இடது பக்கத்தை ஆளுகிறது. ஆகவே கையின் எலும்பும் சதையும் நன்றாய் இருந்தும், கட்டளை வந்து சேராததால் கை சும்மா கிடக்கிறது. கைக்கு எண்ணெய் தேய்ப்பதும், நாட்டுப்புறத்தில் சிலர் நம்புகிறபடி புறா இரத்தம் பூசுவதும் ஏன் பயன்தருவதில்லை என்பது இப்போது விளங்கும். வாய்க்கால் உடைந்தது ஏரிக்கரையில். வயலில் நின்று மண்வெட்டி போடுவதால் தண்ணீர் வருமா? அந்தப் புறாவுக்காகக் காத்திருக்கிற வாரங்களே மிகவும் விலையேறப்பெற்ற வாரங்கள்.

ஆனால் மூளையைப் படைத்த சர்வேசுரன் அதற்கு ஓர் அற்புதமான குணத்தைக் கொடுத்திருக்கிறார். சேதமடைந்த பாகத்தின் வேலையை, அதை அடுத்திருக்கிற பாகங்கள் கொஞ்சங் கொஞ்சமாய்க் கற்றுக்கொள்ளக் கூடும். ஆனால் அவை தாமாய்க் கற்றுக்கொள்வதில்லை. பள்ளிப் பிள்ளை எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கற்பதுபோல, கை ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய முயலும்போதுதான் மூளை அதைக் கற்கிறது. முதல் மூன்று மாதங்களில் இந்தக் கல்வி வேகமாய் நடக்கும். பிறகு வேகம் குறையும். ஆனால் அடியோடு நின்றுபோவதில்லை.

இரண்டாவது, கை எப்படி மறந்துபோகிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க தேசத்தில் எட்வர்டு டாப் என்னும் சாஸ்திரி குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்து, ஓர் உண்மையைக் கண்டார். பலவீனமான கையால் ஒரு வேலையைச் செய்யப் பார்க்கிறோம், முடியவில்லை. மறுபடி பார்க்கிறோம், முடியவில்லை. நல்ல கையால் செய்கிறோம், உடனே முடிகிறது. இப்படிச் சில நாள் ஆனதும், பலவீனமான கைக்குக் கொஞ்சம் சக்தி திரும்பியிருந்தும் அதை உபயோகிக்கும் எண்ணமே அற்றுப்போகிறது. கை முடியாமல் இருக்கிறது பாதி; கை பழகிக்கொண்ட சோம்பல் பாதி. இதற்கு மாற்றாக அவர் வகுத்த முறையிலே நல்ல கைக்கு உறை மாட்டி அடக்கிவைத்து, பலவீனமான கையையே வேலைசெய்யத் தூண்டுவார்கள். 2006-ம் ஆண்டில் இந்த முறையைப் பற்றிய பெரிய பரீட்சை ஒன்றின் பலன் வெளியாயிற்று. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு வார காலம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை போட்டு, வேலை நாட்களில் பல மணி நேரம் பலவீனமான கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவ்விதம் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மாத்திரம் பெற்றவர்களின் கையைவிட நன்றாய்த் தேறியது. ஒரு வருஷம் கழிந்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது.

இதைக் கேட்டவுடன் வீட்டுக்குப் போய் அப்பாவின் நல்ல கையைக் கட்டிவிடாதீர்கள். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தூக்க முடிகிறவர்களுக்குத்தான் அந்த முறை ஏற்றது. நல்ல கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் விழுந்து எலும்பு முறியவும் கூடும். பிசியோதெரபி படித்தவர் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பரீட்சையின் பாடம் எல்லாருக்கும் பொருந்தும். கையிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

கொஞ்சங்கூட அசையாத கைக்கு வழியில்லையோ? உண்டு. நம்முடைய தமிழ்நாட்டிலே பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணர்கிற வலிக்காக அவர் முதலில் அதை உபயோகித்தார். பிறகு 1999-ல் அவரும் அவரோடு உழைத்தவர்களும் பக்கவாதக்காரர் 9 பேரிடம் அதைப் பரீட்சித்து எழுதினார்கள். அதற்குப் பின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் அதன் பயனை உறுதிசெய்திருக்கின்றன. முறை எளியது. மேஜையின் நடுவே, நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியை நிமிர்த்தி வைக்க வேண்டும். பலவீனமான கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கை முன்னால் இருக்கும். நல்ல கையை மடக்கி நீட்டும்போது, கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மற்றக் கை அசைவதுபோல் காட்டும். அதையே பார்த்துக்கொண்டு, மறைந்திருக்கிற கையையும் அசைக்க முயல வேண்டும். நாளும் அரைமணி நேரம்போலப் பல வாரங்கள் செய்ய வேண்டும். காசு செலவில்லாத இந்தக் கண்ணாடி நமது எளிய வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறதே!

மூன்றாவது, எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. பயிற்சி நிலையங்களில் கை வேலைகள் எத்தனை தடவை திருப்பிச் செய்யப்படுகின்றன என்று 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வேளைக்குச் சராசரி 32 தடவை மாத்திரமே. மூளை மாறுவதை விலங்குகளில் கண்ட ஆராய்ச்சிகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நடந்தது. ஆகவே வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் போதாது. மீதியை வீட்டிலேதான் செய்து தீர வேண்டும். அதுவும் ஆகாயத்தில் கையை ஆட்டும் வெறும் அப்பியாசமாக அல்ல, பழகின வேலையாகவே செய்வது நலம். டம்ளரைப் பிடித்து இடம் மாற்றி வைக்கலாம். துண்டை மடிக்கலாம். மொச்சையையும் அவரையையும் கலந்து வைத்துப் பிரித்தெடுக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் செய்கிறதுபோல் புளியங்கொட்டை எடுக்கலாம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி ஏது? களி கிண்டும்போது, சூடு படாத தூரத்தில், வெறும் பாத்திரத்தில் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிப் பழகலாம். சட்டைப் பித்தானைத் தானே போடலாம். பத்து நிமிஷம் ஆனால் ஆகட்டும்.

பிரியமானவர்களே, இங்கேதான் நம்முடைய சிநேகம் சோதிக்கப்படுகிறது. அவர் பித்தான் போட முயன்று தடுமாறும்போது, பார்த்துக்கொண்டிருக்க நமக்குப் பொறுமை இல்லை. “விடுங்க மாமா, நான் போட்டு விடுறேன்” என்று மருமகள் ஓடிவருகிறாள். அவள் நல்லவள். அவளுக்கு அடுப்பில் வேலை. ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஊட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும். அவரே சாப்பிட்டால் அரைமணி நேரமாகும், பாயெல்லாம் சோறு சிந்தும். ஆனாலும் சிந்தின அந்தச் சோறு வீணானதல்ல. செய்துகொடுப்பது ஒருவகை அன்பு. செய்யவிட்டுக் காத்திருப்பது அதைவிடக் கடினமான அன்பு. இந்தப் பாரத்தை மருமகள் ஒருத்தியின் தலையிலேயே போட்டுவிடக் கூடாது. மகனும் பேரப்பிள்ளைகளும் முறை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தாத்தாவோடு மொச்சை பொறுக்கும் விளையாட்டுக்குப் பேரனை அனுப்பினால், இரண்டு பேருக்கும் நன்மை.

ஆனால் வீட்டார் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். இதற்கு நம்முடைய இந்தியாவிலேயே நடந்த அத்தாட்சி இருக்கிறது. 2014 தொடங்கி 14 ஆஸ்பத்திரிகளில் பக்கவாதக்காரர் 1,250 பேரைச் சேர்த்து ஒரு பெரிய பரீட்சை நடந்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். பாதிப் பேருடைய வீட்டாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டிலே செய்யச் சொன்னார்கள். மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மாத்திரம். 2017-ல் பலன் வெளியானபோது, ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 47 பேரே. வித்தியாசம் இல்லை. வீட்டார் செய்வது வீண் என்பதா இதன் பொருள்? அல்ல. கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு எல்லாப் பாரத்தையும் வீட்டார்மேல் சுமத்துவது, படித்த பிசியோதெரபிஸ்டின் வேலைக்கு ஈடாகாது என்பதே பாடம். வழிகாட்டுகிறவரும் வேண்டும்; வழி நடக்கிறவரும் வேண்டும்; கூட நடக்கிறவரும் வேண்டும்.

வழிகாட்டியை எங்கே தேடுவது? 2008-ல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம்முடைய தருமபுரியிலேயே இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரிக்குப் போய் பிசியோதெரபி வேண்டுமென்று வாய் திறந்து கேளுங்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்பும் ஏற்பாடு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் செய்யப்பட்டது. அது 2021 ஆகஸ்டு 5-ந் தேதி ஆரம்பமானது வேறெங்கோ அல்ல. 2004 வரை நம்முடைய ஜில்லாவின் பாகமாயிருந்த கிருஷ்ணகிரியைச் சேர்ந்த சாமனப்பள்ளி கிராமத்தில்தான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரியுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு.

வேலூர் பிரிவின் சரித்திரத்தை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் வைத்தியர் 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இரண்டு கால்களின் உணர்வையும் இழந்தார். அவருக்குக் கைகள் மாத்திரம் மிஞ்சின. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு இரண சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று, ஊனமுற்றோரை மறுபடியும் வாழ்வுக்குத் தகுதியாக்கும் வைத்தியத்தைப் பயின்று வந்து, வேலூரில் அதற்கான பிரிவைத் தலைமையேற்று நடத்தினார். அங்கே 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் திறக்கப்பட்டது. போய்விட்டதையே எண்ணி அவர் அழுதுகொண்டிருந்திருக்கலாம். மிஞ்சினதை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்.

செய்யக்கூடாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதக்காரரைத் தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் விலகும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கிற கையை எவர் பயிற்சிக்கு நீட்டுவார்? கயிறும் உருளையும் கட்டிக் கையைத் தலைக்குமேல் இழுக்கும் பயிற்சியும் கூடாது. உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்துக் கையைத் தாங்குங்கள். இரத்த அழுத்த மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். இரண்டாம் முறை வருகிற பக்கவாதம் இவ்வளவு பிரயாசையையும் அழித்துவிடும். எவருக்காவது திடீரென்று வாய் கோணினாலும், கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குச் சொல்லி, தலையை ஸ்கேன் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனி, வியாதியால் வருந்துகிற சகோதர சகோதரிகளே, உங்களோடு ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அது விசுவாசக் குறைவல்ல; அதுவும் வியாதியின் ஒரு பாகமே. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிலுவை அடையாளம் வரைய முடியவில்லையே என்று வெட்கப்பட்டுப் பூசைக்கு வராமல் இருக்கிறவர்கள் உண்டு. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து, நெற்றிக்குக் கொண்டுபோங்கள். எட்டாவிட்டால் நெஞ்சுமட்டும் கொண்டுபோங்கள். செபமாலை மணிகளைப் பலவீனமான கையின் விரல்களாலேயே தள்ளிப் பாருங்கள். ஐம்பத்துமூன்று மணி, ஐம்பத்துமூன்று முயற்சி. செபமும் நடக்கும், கையும் பழகும். இதைக் கண்டு சர்வேசுரன் கோபிப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

எல்லாம் செய்தும் கை திரும்பாதவர்களும் உண்டு. மூளையின் சேதம் பெரிதாயிருந்தால் பயிற்சியால் எல்லாவற்றையும் மீட்க முடிவதில்லை. இது உழைப்புக் குறைவுக்குத் தண்டனையல்ல. அப்படிச் சொல்லி அவரைப் புண்படுத்துவது பாவம். அப்பொழுதும் கை இறுகாமல், புண்படாமல், வலிக்காமல் காப்பது வீட்டாருடைய வேலையாய் நிற்கிறது. ஒரே கையால் சமைக்கவும், உடுத்தவும், கணக்கு எழுதவும் கற்பிப்பதும் இந்த வைத்தியத்தின் பாகமே. கரண்டி பிடிக்க முடியாத கொத்தனார், இளையவர்களுக்குத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் நேரா என்று பார்த்துச் சொல்லலாமே. அவருடைய மதிப்பு அவருடைய கையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

செபக்கூடத்தில் நடந்ததை மறுபடியும் நினைவுகூருங்கள். ஆண்டவர் அந்த மனிதனை மூலையில் உட்காரவிடவில்லை. எழுந்து எல்லார் நடுவிலும் நிற்கச் சொன்னார். பிறகு, நீட்ட முடியாத கையை நீட்டச் சொன்னார். அவரே அந்தக் கையைப் பிடித்து நீட்டியிருக்கலாம், செய்யவில்லை. அவன் முயன்றான்; முயன்றபோது சுகம் வந்தது. ஆண்டவருக்கு அது ஒரு வார்த்தையில் முடிந்தது. நமக்கு மாதங்கள் ஆகும். ஆயினும் வரிசை ஒன்றே: முதலில் நடுவில் நிறுத்துவது, அடுத்து முயலச் சொல்வது, பிறகு காத்திருப்பது.

ஆகையால் இந்த வாரத்துக்கு ஒரு பிரதிக்கினை செய்துகொள்வோம். உங்கள் தெருவில் பக்கவாதத்தினால் வீட்டோடு கிடக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம் அவருடன் உட்கார ஒருவர் முன்வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வாகனம் உள்ளவர்கள் வாகனம் கொடுங்கள். ஞாயிறு பூசைக்கு அவரைக் கொண்டுவந்து பின்வரிசையில் அல்ல, முன்னால் உட்காரவையுங்கள். உள்ளறையில் இருந்தவர் எல்லார் நடுவிலும் வரட்டும். கேட்கப்படாத கையிடம் நாம் பொறுமையோடு கேட்போம். சுகம் கொடுக்கிறவர் சர்வேசுரன். காத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும், உங்கள் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி